கணக்கு எங்கள் ரத்தத்தில் இல்லை

எங்கள் அலுவலகத்தில் நான்கு நாட்களாக யாருக்கும் பிடிபடாத ஒரு பிழையை ஒரு வெள்ளிக்கிழமை மாலை கண்டுபிடித்துச் சரிசெய்தேன். மேலாளர் வெள்ளையர். நல்ல மனிதர்தான். தோளில் தட்டி, "உங்கள் இந்தியர்களுக்குக் கணக்கு ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது" என்றார். நன்றி சொல்லிவிட்டு இருக்கைக்கு வந்து உட்கார்ந்தேன்.

எந்த ரத்தம்? என் அப்பா விழுப்புரம் மாவட்டத்தில் கரும்பு வெட்டியவர். அம்மா கைநாட்டு. ஆனால் எத்தனை நாள் வேலை செய்தோம், எவ்வளவு கூலி பாக்கி, மேஸ்திரி அதில் எவ்வளவு சுருட்டினார் என்பதையெல்லாம் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். அந்தக் கணக்கை இந்தியத் திறமை என்று இதுவரை யாரும் மெச்சியதில்லை. எனக்குக் கணக்கு வந்தது ஆதிதிராவிடர் நலப் பள்ளியில், மாலையில் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ஒரு ஆசிரியரால். அதன் பிறகு அரசு விடுதி, கல்வி உதவித்தொகை, இடஒதுக்கீடு. நான் பொறியியல் சேர்ந்தது 2008-இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு ஒழிந்திருந்தது. ஒழியாமல் இருந்திருந்தால் அந்தப் பிழையை வேறு யாராவதுதான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

பத்தாண்டுகளாக அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இப்போது நிறுவனம், "சென்னை அலுவலகத்துக்கு மாற்றிக்கொள்கிறாயா? மாதக் கடைசிக்குள் சொல்" என்று கேட்டிருக்கிறது. இருப்பதா, திரும்புவதா? வெளிநாட்டில் இருக்கிற எல்லாப் பொறியாளர் வீட்டிலும் ஓடுகிற பேச்சுதான் இது. ஆனால் அந்தப் பேச்சில் 'இந்தியா', 'வெளிநாடு' என்று இரண்டே இரண்டு தட்டுகளை வைத்துத்தான் நிறுக்கிறார்கள். என் எடைக்கு அந்தத் தராசு சரிவரவில்லை. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் 'இந்தியர்' என்கிற அந்தப் பிம்பம் எப்படி உண்டானது என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை கோர முடியும். பஞ்சாபில் பிறந்து அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் (நம் பகத்சிங் வேறு, இவர் வேறு) குடியுரிமை கேட்டு நடத்திய வழக்கில் 1923-இல் தீர்ப்பு வந்தது. அவர் தரப்பு வைத்த வாதம் என்ன தெரியுமா? தான் உயர்சாதி ஆரியன், ஆகவே வெள்ளையன். உங்கள் ஊரில் வெள்ளையர்கள் கறுப்பர்களோடு கலக்காததைப் போலவே எங்கள் ஊரில் உயர்சாதியினர் பூர்வகுடிகளோடு கலப்பதில்லை. கடல் கடந்து போய் அந்நிய நாட்டு உச்ச நீதிமன்றத்தில் சாதியைச் சான்றிதழாக நீட்டியிருக்கிறார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. சாதாரண மனிதன் கண்ணுக்கு நீ வெள்ளையனாகத் தெரியவில்லை என்று தள்ளிவிட்டது.

பிறகு கதவைத் திறந்தது யார்? கறுப்பின மக்கள். அவர்களது குடிமை உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில், 1964-இல் குடிமை உரிமைச் சட்டமும் 1965-இல் வாக்குரிமைச் சட்டமும் வந்தன. அதே 1965-இல்தான், பிறந்த நாட்டை வைத்து ஆள் சேர்த்த பழைய குடியேற்ற முறையும் ஒழிந்தது. படித்தவர்களுக்கும் தொழில்திறன் உள்ளவர்களுக்கும் முன்னுரிமை கிடைத்தது. அந்த வாசலில் அப்போது வந்து நின்ற இந்தியர்கள் யார் என்பதுதான் கேள்வி. கரக்பூரில் ஐஐடி தொடங்கியது 1951-இல், சென்னையில் 1959-இல். அங்கே பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான இடஒதுக்கீடு வந்தது 1973-இல். பிற்படுத்தப்பட்டோருக்கு வந்ததோ 2008-இல். அதற்குள் கலிபோர்னியாவில் இரண்டு தலைமுறைப் பொறியாளர்கள் வீடு வாங்கிக் குடியேறிவிட்டார்கள். சென்னை ஐஐடியை வைத்து அஜந்தா சுப்ரமணியன் 2019-இல் வெளியிட்ட நூல் இதைத்தான் விரிவாகப் பேசுகிறது: பரம்பரைச் சாதி அனுகூலம் எப்படித் 'தகுதி' என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது என்று.

ஆக, ஊரில் ஒரு சல்லடை, கல்லூரி வாசலில் ஒரு சல்லடை, விசா அலுவலகத்தில் இன்னொரு சல்லடை. மூன்றிலும் சலித்து விழுந்ததைப் பார்த்து அமெரிக்கர் "அடடா, இந்தியர்கள் எல்லாருமே கெட்டிக்காரர்கள்" என்கிறார். சலிக்கப்பட்டவரும் மறுப்பதில்லை. ஏன் மறுக்க வேண்டும்? சாதியால் கிடைத்ததை நாட்டின் பெருமையாக மாற்றிக் கொடுக்கிற பாராட்டு அது. கார்னகி அமைப்பு 2020-இல் அமெரிக்க இந்தியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், தமக்குச் சாதி அடையாளம் உண்டு என்று சொன்ன இந்துக்களில் 100-க்கு 83 பேர் பொதுப்பிரிவு அல்லது உயர்சாதியினர். ஊரில் இருக்கிற விகிதம் என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கும் அந்தப் பாராட்டில் ஒரு பங்கு கிடைக்கத்தான் செய்தது, அதை மறைக்க விரும்பவில்லை. வந்த புதிதில் 'இந்தியன்' என்று என்னை அழைத்தபோது ஒரு விடுதலை இருந்தது. பிறந்ததிலிருந்து காலனிக்காரனாக இருந்தவனுக்கு, ஒரே விமானப் பயணத்தில் வெறும் இந்தியனாகிவிடுவது சின்ன விஷயமா? வெள்ளையர் என் நாட்டைப் பார்த்தார், தெருவைப் பார்க்கவில்லை. கறுப்பின நண்பர் என்னோடு ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டார். அந்த நிம்மதி, அறைக்குள் இன்னொரு இந்தியர் வருகிறவரை நீடித்தது.

வந்தவர் முதலில் கேட்பது முழுப் பெயரை. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலிருந்து பெயருக்குப் பின்னால் இருந்த வாலை வெட்டிக்கொண்டு வந்த மண் நம்முடையது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைத்தான் போட்டிருக்கிறோம். வடக்கிலிருந்து வந்தவருக்கு அது பெரிய இடைஞ்சல். "இது அப்பா பெயர், சரி. குடும்பப் பெயர் என்ன?" இல்லை என்றால், "எந்த ஊர்?" ஊரைச் சொன்னால், "அங்கே எந்தப் பகுதி?" தமிழராக இருந்தால் இத்தனை சுற்று தேவையில்லை. "நீங்க வெஜ்ஜா?" என்று கேட்டுவிட்டு, பாசமாக முதுகில் ஒரு தட்டு. அந்தத் தட்டு என்ன தேடுகிறது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சட்டைக்கு உள்ளே நூல் தட்டுப்படாவிட்டால் கை சீக்கிரம் எடுபட்டுவிடும்.

அந்த 'வெஜ்' பற்றி ஒரு வார்த்தை. எங்கள் குழுவில் இந்தியர்கள் அதிகம் என்பதால் மதிய விருந்துக்கு எப்போதும் சைவச் சாப்பாடுதான் வரும். இந்தியர்கள் சைவம் என்று அமெரிக்கர்களுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். இந்திய அரசின் 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பே 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 71 பேர் அசைவம் என்கிறது. தமிழ்நாட்டில் அது 97-ஐத் தாண்டும். பெரும்பான்மை தின்பது விதிவிலக்காகவும், சிறுபான்மை தின்பது தேசிய அடையாளமாகவும் ஆகிவிட்டது. ஒருமுறை நான் வீட்டிலிருந்து மாட்டுக்கறி வறுவல் கொண்டுபோனேன். வெள்ளைக்காரப் பெண் ஒருவர் வியந்துபோய், "நீங்கள் அதைச் சாப்பிடக் கூடாதே?" என்றார். யார் கூடாது என்றது என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. பக்கத்து மேசையில் இருந்த நம்மவர்கள் அந்த அரை மணி நேரமும் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

இதெல்லாம் சில்லறை விஷயம், முகம் சுளித்ததோடு போயிற்று என்று சொல்பவர்கள் சிஸ்கோ வழக்கைப் படிக்கலாம். ஒரு தலித் பொறியாளரை, அவர் இடஒதுக்கீட்டில் படித்தவர் என்று உடன் வேலை செய்பவர்களிடம் வெளிப்படுத்தி ஒதுக்கினார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில் 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசுத் துறையே அந்த நிறுவனத்தின் மீதும் மேற்பார்வையாளர்கள் இருவர் மீதும் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் மறுத்தது. 2023-இல் அந்த இருவர் மீதான வழக்கைத் துறை திரும்பப் பெற்றது, நிறுவனத்தின் மீதானது தொடர்ந்தது. வழக்கின் முடிவு எப்படியானாலும், அதுவரை பெயரில்லாமல் இருந்த ஒன்றுக்கு அமெரிக்க நீதிமன்ற ஏட்டில் பெயர் வந்துவிட்டது. 2022-இல் கூகுளில் தேன்மொழி சௌந்தரராஜன் தலித் வரலாறு குறித்துப் பேச இருந்த கூட்டம், ஊழியர்கள் சிலரின் எதிர்ப்பால் ரத்தானது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னிய சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதாவை ஆளுநர், இருக்கிற சட்டங்களே போதும் என்று திருப்பி அனுப்பினார்.

அந்த மசோதாவை எதிர்த்தவர்கள் சொன்ன காரணத்தைத்தான் நான் மறக்க முடியாமல் தவிக்கிறேன். இது இந்தியர்கள் எல்லாரையும் சாதி வெறியர்களாகச் சித்தரிக்கிறதாம், ஓர் இனத்தின் மீது முத்திரை குத்துகிறதாம். கணக்கில் புலி என்ற முத்திரை குத்தியபோது இனிக்கிறது. சாதி பார்க்கிறவர் என்ற முத்திரை மட்டும் கசக்கிறது. முதலாவதை மறுத்து ஒரு பேரணியாவது நடந்திருக்கிறதா?

இப்போது திரும்பி வருகிற விஷயத்துக்கு வருகிறேன். நண்பர்கள் வட்டத்தில் சுற்றிவருகிற பட்டியல் ஒன்று இருக்கிறது. இந்தியாவுக்குத் திரும்பினால் வரும் லாபங்கள்: தாத்தா பாட்டி அன்பு, பண்டிகை, கோயில், பிள்ளைகளுக்குப் 'பண்பாடு', வேலைக்கு ஆள் கிடைக்கும். நஷ்டங்கள்: தூசி, நெரிசல், லஞ்சம். கூடவே வெள்ளையரைப் பற்றி நம் ஊர் வைத்திருக்கிற முத்திரைகள்: அவனுக்குக் குடும்பப் பாசம் கிடையாது, பெற்றோரைத் தூக்கி முதியோர் இல்லத்தில் போட்டுவிடுவான், பெண்பிள்ளை பதினெட்டு வயதில் யாருடனாவது போய்விடுவாள். கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான பயம். 'பண்பாடு' என்று எழுதியிருக்கிற இடத்தில் 'சொந்தச் சாதியில் கல்யாணம்' என்று போட்டுப் படித்தால் பட்டியல் சரியாகப் பொருந்தும். வரன் பார்க்கும் தளங்களில் உட்பிரிவு ஒரு கட்டம், விசா வகை ஒரு கட்டம். இரண்டையும் ஒரே நேரத்தில் சொடுக்குகிறார்கள்.

'வேலைக்கு ஆள் கிடைக்கும்' என்ற வரியைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு என் அத்தை ஞாபகம் வரும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். அந்தப் பட்டியலில் லாபக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிற 'ஆள்' அவர்தான். அவர் தேய்க்கிற வீடுகளில் ஒன்று வெளிநாட்டிலிருந்து திரும்பிய குடும்பத்துடையது. அவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் தங்கள் பாத்திரத்தைத் தாங்களே கழுவிக்கொண்டிருந்தவர்கள்தான்.

திரும்பிவந்த இன்னொருவரின் கதை நமக்குத் தெரியும். அம்பேத்கர் 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். உதவித்தொகைக்கு ஈடாகப் பத்தாண்டுகள் பரோடா அரசில் வேலை செய்வதாக ஒப்பந்தம். 1917-இல் திரும்பினார். வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே அற்றுப்போயிருந்தது என்றும், பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும் எங்கே தங்குவது என்ற கேள்வியோடு அந்த நினைப்பு திரும்பி வந்தது என்றும் பின்னாளில் அவரே எழுதினார். ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினொன்றாம் நாள் காலை தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. ஓர் இந்து நண்பரிடம் கேட்டார், வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். ஒரு கிறித்துவ நண்பரிடம் கேட்டார், மனைவியைக் கேட்க வேண்டும் என்றார் அவர். பொதுப் பூங்காவில் பொழுதைக் கழித்துவிட்டு அன்று இரவே பம்பாய்க்கு ரயில் ஏறினார். அந்த நினைவுக் குறிப்புகளுக்குப் பெயர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. அவர் காத்திருந்தது எந்த அயல்நாட்டு விசாவுக்கும் இல்லை.

அதற்கு நூறாண்டு கழித்து, போன டிசம்பரில் சென்னைக்கு விடுப்பில் வந்தபோது நானும் வீடு தேடினேன். மாற்றல் வாங்கினால் எங்கே தங்குவது என்று பார்த்துவைக்கத்தான். தரகர் நல்லவர். முதல் வீட்டில் உரிமையாளர் சம்பளத்தைக் கேட்டார், சொன்னேன். நிறுவனத்தைக் கேட்டார், சொன்னேன். அமெரிக்காவில் இருந்து வருகிறோம் என்றதும் காபி வந்தது. அப்புறம், "சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு?" காபி குடித்து முடிப்பதற்குள் தன் தம்பி குடும்பம் வரப்போவது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாவது வீட்டில் 'சைவம் மட்டும்' என்று வாசலிலேயே எழுதியிருந்தது. மூன்றாவதுக்குப் போகும் வழியில் தரகர் மெதுவாக, "சார், கேட்டா வேற ஏதாவது சொல்லிக்கலாமே. யாரு வந்து பாக்கப்போறா" என்றார். பார்சிப் பெயர் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்! என் மகளுக்கு ஏழு வயது. காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "வேற என்னப்பா சொல்லணும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நியூ ஜெர்சியில் நான் இதுவரை மூன்று வாடகை வீடு மாறியிருக்கிறேன். வருமானச் சான்று கேட்டார்கள், கடன் மதிப்பெண் பார்த்தார்கள். இனத்தையோ மதத்தையோ பிறந்த நாட்டையோ காரணம் காட்டி வீடு மறுக்க அங்கே சட்டம் இடம் கொடுக்காது. மார்ட்டின் லூதர் கிங் கொலையான அடுத்த வாரம், 1968 ஏப்ரலில் நிறைவேறிய சட்டம் அது. கறுப்பின மக்கள் ரத்தம் சிந்தி வாங்கிய உரிமையில் நான் கூரை போட்டுப் படுத்திருக்கிறேன். நம் ஊரில் தனியார் வீட்டுக்காரர் சாதி கேட்டு வீடு மறுப்பதைத் தெளிவாகத் தடுத்து, புகார் கொடுத்தால் உடனே தீர்வு தரும் அப்படியொரு வீட்டு வாடகைச் சட்டம் இன்னும் இல்லை. சமூகநீதி மண் என்று பெருமை பேசுகிற தமிழ்நாடு அரசு முதலில் கொண்டுவர வேண்டியது இதை. தனியார் வேலையில் இடஒதுக்கீட்டைப் பற்றியும் பேசாமல், "படித்த பிள்ளைகளே, திரும்பி வாருங்கள்" என்று மாநாடு போடுவதில் எனக்கு ஆர்வமில்லை.

இதைப் படித்துவிட்டு, அமெரிக்கா சொர்க்கம் என்று இவன் சொல்கிறான் என யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே சட்டமே என்னை நாடாகத்தான் பார்க்கிறது. வேலைவழி கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டுக்கு 100-க்கு 7-க்கு மேல் கிடையாது என்பதால் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பல பத்தாண்டு நீளம். வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள். அதற்குள் கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 2017-இல் கான்சஸ் மாநிலத்தின் ஒலேத்தா நகரில் ஓர் இந்தியப் பொறியாளர், ஈரானியர் என்று நினைத்த ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். முத்திரை குத்துகிறவனுக்கு முத்திரையைக்கூடச் சரியாகக் குத்தத் தெரிவதில்லை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். ஆகவே நான் இப்போது கிளம்பினால், பிடிக்கவில்லை என்று திரும்பிப் போவது அநேகமாக நடக்காது. மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டிய பதில் ஒருவழிப் பாதை.

நாட்டுக்குக் கடன்பட்டிருக்கிறாய், திரும்பி வா என்று சிலர் தேசபக்தி பேசுகிறார்கள். எனக்கு யார் கடன் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கில் பள்ளி ஆசிரியர் இருக்கிறார், விடுதி இருக்கிறது, இடஒதுக்கீட்டுக்காகத் தெருவில் இறங்கியவர்கள் இருக்கிறார்கள், அப்பா வெட்டிய கரும்பு இருக்கிறது. படித்துப் பதவிக்குப் போனவர்கள் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அம்பேத்கர் 1956-இல் ஆக்ராவில் மனம் வெதும்பியது எனக்கும் சேர்த்துத்தான். அதைத்தான் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. பணம் அனுப்புகிறேன், ஊரில் இரவுப் பாடசாலைக்கு விளக்கும் புத்தகமும் வாங்கித்தந்தோம். போன தடவை போனபோது அங்கே படிக்கிற ஒரு பையன், "அண்ணா, நீங்க எப்பவாச்சும்தான் வர்றீங்க. கணக்குச் சொல்லித்தர ஆள் இல்ல" என்றான். பன்னிரண்டாம் வகுப்பு. அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். "நீ வந்தா சந்தோசம்தான். ஆனா பேத்தி இந்தத் தெருவப் பாத்துட்டு ஏன்னு கேட்டா என்ன சொல்லுவ, அதை யோசிச்சுக்க" என்றார். மனைவி வேறு மாதிரி சொன்னாள்: அங்கே இருந்தாலும் ஒருநாள் யாராவது அவளிடம் குடும்பப் பெயர் கேட்கத்தான் போகிறார்கள், அதை எங்கே வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் வித்தியாசம்.

நேற்று தரகரை அழைத்தேன். வீடு பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இனி எந்த வீட்டுக்காரரிடம் பேசினாலும் முதல் வார்த்தையாக நாங்கள் பறையர், மாட்டுக்கறி சமைப்போம் என்பதைச் சொல்லிவிட்டு, சரி என்றால் மட்டும் முகவரியை அனுப்புங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரிங்க சார், டைம் ஆகும்" என்றார். மாதம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.